‘பயப்படாதீர்கள்’ என்பது சிகிச்சை அன்று

சென்ற வாரம் எங்கள் துறையின் முதலாண்டு ஆய்வு மாணவி ஒருவர் இடக்கன்னம் வீங்கி வந்து நின்றார். மூன்று மாதமாகப் பல்வலி. கிராம்புத் தைலத்தையும் வலி மாத்திரைகளையும் கொண்டு நாள்களை ஓட்டியிருக்கிறார். சுற்றி நின்ற ஐந்து பேரும் ஏறத்தாழ ஒரே கேள்வியைத்தான் கேட்டோம்: “இவ்வளவு படித்துவிட்டுப் பல் மருத்துவரிடம் போகப் பயமா?” கேட்டவர்களில் நானும் ஒருத்தி. பதினேழு ஆண்டுகள் பல் மருத்துவரின் படியேறாதவள் நான். என் வாயிலிருந்தே அந்தக் கேள்வி வந்தது என்ற வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல் சிகிச்சை குறித்த அச்சத்தை நோயாளியின் மனக்கோளாறாகவோ குழந்தைத்தனமாகவோ பேசுவதை நாம் கைவிட வேண்டும். பலரிடம் அது ஒரு நினைவு. ‘வலிக்கிறது’ என்று சொன்னபோது எவரும் நம்பவில்லை என்ற நினைவு. அந்த நினைவை உருவாக்கியவர்கள் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் நாம் நோயாளியைக் கூண்டில் ஏற்றிக்கொண்டிருக்கிறோம்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது எங்கள் ஊரில் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கினார்கள். மரத்துப்போகும் ஊசி போட்டார்கள்; மரத்துப்போகவில்லை. “வலிக்குது” என்றேன். “வலிக்காது பாப்பா, எறும்பு கடிக்கிற மாதிரிதான்” என்றார் மருத்துவர். உதவியாளர் தலையைப் பிடித்தார். அப்பா தோள்களைப் பிடித்தார். முடிந்ததும், “பாத்தியா, ஒண்ணுமே இல்ல” என்றார்கள். வரும் வழியில் அப்பா ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார். அது உருகிக் கையில் வழிந்ததுதான் நினைவிருக்கிறது, உண்ட நினைவில்லை.

அன்று நான் பொய் சொல்லவில்லை என்பதைப் பல ஆண்டுகள் கழித்துப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். பல் மருத்துவத்தில் இன்று பரவலாகப் பயன்படும் மரப்பு மருந்தான லிடோகெயின், 1943இல் சுவீடனில் நில்ஸ் லோஃப்கிரென் உருவாக்கியது. நல்ல மருந்துதான். ஆனால் சீழ்பிடித்து வீங்கிய திசுவில் அமிலத்தன்மை கூடியிருக்கும். அந்நிலையில் மருந்தின் மூலக்கூறுகளில் நரம்புச் சவ்வைக் கடக்கவல்லவை குறைந்துவிடுகின்றன. கீழ்த்தாடைக் கடைவாய்ப் பற்களுக்கு நரம்பையே மரக்கச் செய்யும் ஊசி முதல் முயற்சியில் பலிக்காமல் போவதும் அரிதன்று. பல் மருத்துவ மாணவர்கள் பாடமாகவே படிக்கும் செய்திகள் இவை. ஆகவே ‘வலிக்கிறது’ என்று ஒரு நோயாளி சொன்னால் கேட்பவர் முதலில் ஐயுற வேண்டியது ஊசியைத்தான், நோயாளியை அன்று. காத்திருக்கலாம், மறுபடி மருந்து செலுத்தலாம், வேறு இடத்தில் செலுத்தலாம். ‘வலிக்காது’ என்று சொல்வது இவற்றில் எதுவும் அன்று.

நான் மொழியியல் படித்தவள். ஆகவே இச்சொற்களை எளிதில் கடந்துபோக முடியவில்லை. ‘எனக்கு வலிக்கிறது’ என்பதில் வலியை உணர்பவர் நான்காம் வேற்றுமையில் நிற்கிறார். வலியை அவர் செய்வதில்லை. அது அவருக்கு நேர்கிறது. அதற்குச் சாட்சி சொல்லத் தகுந்தவரும் அவர் ஒருவரே. எதிரில் நிற்பவர் ‘வலிக்காது’ என்னும்போது, தாம் அறிய வழியே இல்லாத ஒன்றை மறுக்கிறார். ‘பயப்படாதீர்கள்’ என்பது இன்னும் விந்தையானது. ஏவல் என்பது கேட்பவரால் செய்யவோ செய்யாமல் விடவோ இயலும் செயலுக்கே பொருந்தும். பயப்படு, துன்பப்படு, வேதனைப்படு ஆகிய சொற்களில் வரும் ‘படு’ ஆட்படுதலைக் காட்டுவது. ஆட்படுபவரிடம் ஆட்படாதே என்று ஆணையிட்டால் அவர் என்ன செய்வார்? பயத்தை மறைப்பார். அதைத்தான் நாம் தைரியம் என்று பாராட்டுகிறோம். வீட்டில் அம்மா சொல்லும் ‘பயப்படாதே’ ஆறுதல். அதில் உடன் நிற்பேன் என்ற பொருள் உண்டு. வாயைத் திறந்து மல்லாந்து கிடப்பவரிடம், பேசவும் இயலாதவரிடம், கையில் கருவியோடு சொல்லப்படும்போது அதே சொல் வாயடைப்பாகிவிடுகிறது.

இந்த அச்சம் மருத்துவ உலகம் அறியாததும் அன்று. நார்மன் கோரா 1969இலேயே இதை அளக்க ஒரு வினாநிரல் வகுத்தார். 1995இல் அதைத் திருத்தி ஐந்து வினாக்களாக்கினார்கள். நாளை சிகிச்சை என்றால் எப்படி உணர்வீர்கள், காத்திருப்பு அறையில் எப்படி, பல்லைக் குடையும்போது எப்படி, சுத்தம் செய்யும்போது எப்படி, ஊசியின்போது எப்படி என்பவை அவை. ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 19ஐத் தொட்டால் கடும் அச்சம். நிரப்ப இரண்டு நிமிடம் போதும். என் மதிப்பெண் 23. அதை நானேதான் தேடி நிரப்பினேன். நான் கேட்டறிந்தவரை, என் நண்பர்களில் ஒருவரிடமும் எந்தக் கிளினிக்கிலும் இப்படிக் கேட்டதில்லை. பெயர், தொலைபேசி எண், பணம் செலுத்தும் முறை ஆகியவற்றைத் தவறாமல் கேட்டிருக்கிறார்கள்.

பதினேழு ஆண்டுகள் கழித்து, ஹைதராபாத்தில், வலி தாளாமல் போனேன். கண்ணாடிக் கதவு, நறுமணம், சுவரெங்கும் சிரிக்கும் முகங்கள். இணையத்தில் ஏறத்தாழ ஐந்து நட்சத்திரம். மருத்துவர் ஒரு நிமிடம் பார்த்தார், “பல்லை இப்படியா வைத்திருப்பீர்கள்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். எக்ஸ்ரே எடுத்தார்கள், அதை எனக்குக் காட்டவில்லை. மூன்று ரூட் கெனால், மூன்று செராமிக் உறை, மொத்தம் 48,000 ரூபாய், இன்றே முன்பணம் கட்டினால் 10 விழுக்காடு தள்ளுபடி என்று வரவேற்பறைப் பெண் ஒரு தாளை நீட்டினார். தேசியத் தகுதித் தேர்வு உதவித்தொகை இல்லாத ஆய்வாளருக்கு மத்தியப் பல்கலைக்கழகத்தில் மாதம் 8,000 ரூபாய். எனக்கு அது ஆறு மாத வருவாய். நான் எழுந்து வந்துவிட்டேன். அன்று வெளியே வந்தபோது பயத்தைவிட அவமானமே மிகுந்திருந்தது.

இரண்டாவதாகப் போனது பல்கலைக்கழகத்துக்கு அருகே, மருந்துக்கடைக்கு மேலிருக்கும் இரண்டு அறைக் கிளினிக். அந்த மருத்துவர் என்னை நாற்காலியில் சாய்க்கவில்லை. எதிரே சாதாரண நாற்காலியில் அமரச் செய்தார். நான் பயம் என்றதும், “யார் பயமுறுத்தினார்கள்?” என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் குற்றம் என் தோளிலிருந்து இறங்கியது. வலி எப்படி இருக்கிறது என்றார். எனக்குத் தெலுங்கு குறைவு. அவருக்குத் தமிழ் தெரியாது. ‘கூசுகிறது’ என்பதை விளக்கத் திணறினேன். “ஜிவ்வுமண்டுந்தா?” என்றார். ஆம், அதேதான். பிறகு ‘விண்விண்’ என்று தெறிப்பதைக் கையால் தட்டிக் காட்டினேன். குளிர்ந்த நீர் பட்டதும் கூசி உடனே அடங்குவது ஒன்று. இரவில் தானாகவே தெறித்து நெடுநேரம் நிற்பது வேறொன்று. முன்னது பெரும்பாலும் பல்லைக் காக்கும் கட்டம், பின்னது கூழ் கெட்டுவிட்டதன் அறிகுறி என்று விளக்கினார். நோயாளியின் சொல்லே நோயறிதலின் பாதி என்பதை அன்று கண்டேன்.

எக்ஸ்ரேயைத் திரையில் காட்டினார். ஒரு பல்லுக்கு ரூட் கெனால், ஒன்றுக்கு அடைப்பு, மூன்றாவதை ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார். இரு மருத்துவர்கள் மாறுபடுவது இயல்பு. முதலாமவரை நான் மோசடிக்காரர் என்று சொல்ல வரவில்லை. தம் முடிவுக்கான காரணத்தை அவர் எனக்குச் சொல்லவில்லை என்பதே என் குற்றச்சாட்டு. இவர் இன்னொன்றும் சொன்னார்: “கையை உயர்த்துங்கள், நிறுத்திவிடுவேன்.” ஊசி போட்டதும் நெஞ்சு படபடக்கலாம், அதிலுள்ள அட்ரீனலின் செய்வது, சில நிமிடங்களில் அடங்கும் என்றும் முன்கூட்டியே சொன்னார். சிகிச்சை தொடங்கி ஐந்து நிமிடத்தில், வலியே இல்லாதபோது, சோதிப்பதற்காகவே கையை உயர்த்தினேன். நிறுத்தினார். காரணம் கேட்கவில்லை. அதன்பின் ஒருமுறைகூட உயர்த்தத் தேவைப்படவில்லை.

‘அப்படியானால் நல்ல மருத்துவரைத் தேடிப் போக வேண்டியதுதானே’ என்பார்கள். எனக்கு வாய்த்தது நற்பேறு. நற்பேற்றை யாருக்கும் பரிந்துரைக்க முடியாது. பற்களை உடலுக்கு வெளியே வைத்திருக்கும் ஓர் ஏற்பாட்டில்தான் இந்தத் தேடல் நிகழ்கிறது. பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகள், விபத்தில் பல் சேதமுற்றால் ஒழிய, பல் சிகிச்சைக்குப் பணம் தருவதில்லை. 2018இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டில் வெளிநோயாளர் சிகிச்சை அடங்காது. பல் சிகிச்சையோ பெரிதும் வெளிநோயாளர் சிகிச்சையே. நாட்டில் பல் மருத்துவக் கல்லூரிகள் முந்நூறுக்கும் மேல். ஆயினும் பல் மருத்துவர் இல்லாத ஆரம்ப சுகாதார நிலையங்கள் ஏராளம். படித்து வெளிவரும் இளம் மருத்துவரோ சொற்பச் சம்பளத்துக்கு உழைக்கிறார், அல்லது கடனில் நாற்காலி வாங்கி மாதத் தவணைக்காகத் தள்ளுபடித் தாளை நீட்டுகிறார். அவர் மீது எனக்குப் பகை இல்லை. உலகில் ஏறத்தாழ 350 கோடிப் பேர் வாய் நோய்களால் பாதிக்கப்பட்டிருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் சொன்னது. இத்தனை பேரின் நோயைத் தனிமனிதச் சோம்பலாகப் பேசுவது யாருக்கு வசதி என்று எண்ணிப் பாருங்கள்.

இன்னொரு மறுப்பும் வரும்: ஒரு நாளைக்கு நாற்பது பேரைப் பார்க்கும் அரசு மருத்துவர் ஒவ்வொருவரிடமும் இப்படிப் பேச முடியுமா? நேர்மையான கேள்வி. நாற்பது பேர் ஒருவர் தலையில் விழுவது அரசின் தவறு. மருத்துவரோடு சேர்ந்தே அதை எதிர்ப்போம். ஆனால் ‘கையை உயர்த்தினால் நிறுத்துவேன்’ என்று சொல்ல ஐந்து நொடி போதும். ஒப்புதல் பெறுவதும் சலுகை அன்று. 2008இல் சமீரா கோலி வழக்கில், ஆய்ந்து பார்க்கத் தந்த ஒப்புதல் சிகிச்சைக்கான ஒப்புதல் ஆகாது என்றும், மாற்று வழிகளையும் இடர்களையும் சொல்லியே ஒப்புதல் பெற வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. பல்லைப் பார்க்க வாயைத் திறந்ததாலேயே குடைய அனுமதி தந்தோம் என்றாகாது.

ஆகவே, அஞ்சும் நண்பர்களே, நட்சத்திரங்களை எண்ணாதீர்கள், இவற்றைக் கேளுங்கள். முதல் நாள் பேச மட்டும் வரலாமா? எக்ஸ்ரேயைக் காட்டி விளக்குவீர்களா? இப்போது செய்யாவிட்டால் என்ன ஆகும்? மலிவான மாற்று உண்டா? செலவை எழுதித் தருவீர்களா? மரத்துவிட்டதா என்று சோதித்த பிறகு தொடங்குவீர்களா? கருவிகளைக் கிருமி நீக்கிய உறையிலிருந்து என் கண்முன் பிரிப்பீர்களா? இக்கேள்விகளுக்கு முகம் சுளிப்பவரிடமிருந்து எழுந்து வர உங்களுக்கு உரிமை உண்டு. பணம் இல்லையென்றால் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. இவ்வூரில் அஃப்சல்கஞ்சில் ஒன்று உண்டு. பயிற்சி மாணவர்கள் நேரம் எடுத்துக்கொள்வார்கள்; மேலே பேராசிரியர் இருப்பார். ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்: வீக்கத்தோடு காய்ச்சலோ, விழுங்கவோ வாய் திறக்கவோ இயலாமையோ சேர்ந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

அஞ்சாதவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ‘ஏன் முன்பே போகவில்லை’ என்ற கேள்வியைத் தயவுசெய்து விழுங்கிவிடுங்கள். ‘நான் கூட வரட்டுமா’ என்று கேளுங்கள்.

அந்த மாணவியிடம் நான் தாமதமாகத்தான் அதைக் கேட்டேன். மறுநாள் காலையே போனோம். பேருந்தில் வழியெல்லாம் பேசாமல் வந்தவர், இறங்கும்போது கேட்டார்: “அக்கா, கையைத் தூக்கினா நிஜமாவே நிறுத்துவாங்களா?”

“நிறுத்தலைன்னா ரெண்டு பேரும் எழுந்து வந்துடலாம்” என்றேன்.