திறந்தவெளி மரத்தளமும் பூச்சும்

மலைப்பிரதேசங்களில் வன ஓய்வு விடுதிகளின் திறந்த மரத்தளங்களுக்குப் பளபளப்பான வார்னிஷ் பூசும் வழக்கம் கைவிடப்பட வேண்டியதாகும். கூரையின்கீழ் இருக்கும் மேசைக்குப் பொருந்துவது, வெயிலும் மழையும் படும் பலகைக்குப் பொருந்தாது.

மரம் ஈரத்தை உறிஞ்சி உப்புகிறது, காய்ந்து சுருங்குகிறது. வார்னிஷோ அதன்மேல் இறுகிய ஏடாகப் படிந்திருக்கிறது. பலகை அசைய அசைய ஏட்டில் விரிசல் காண்கிறது. அதன் வழியே புகுந்த மழைநீர் எளிதில் உலர இயலாமல் அடியிலேயே தங்குகிறது. மரத்தின் ஈரம் நூற்றுக்கு 20 பங்கிற்கு மேல் நீடிக்குமாயின் மக்கச் செய்யும் பூஞ்சணம் பற்றிக்கொள்ளும். மேலே மினுமினுப்பு, உள்ளே மக்கல். மேற்பார்வைக்கு வருவோர் காண்பது முன்னதையே. பலகையை ஆணிநுனியால் குத்திப் பார்த்த பின்னரே பூச்சைப் பற்றி யோசிப்பது முறை.

மரத்தினுள் ஊறும் எண்ணெய்ப் பூச்சே மேலானது. ஏடு இல்லையாதலின் உரிவதில்லை. மறுமுறை பூசுமுன் சுரண்டும் கூலியும் மிச்சம். பூஞ்சணக்கொல்லியும் சிறிது நிறப்பொடியும் கலந்ததாக இருத்தல் அவசியம். வெறும் ஆளிவிதை எண்ணெய் ஈரம் மிகுந்த இடங்களில் பூஞ்சணத்திற்கு உணவாவதும் உண்டு. எண்ணெய் தோய்ந்த கந்தல்களைச் சுருட்டி மூலையில் எறிவதோ பேராபத்து. அவை தாமே சூடேறித் தீப்பற்றக்கூடும். விரித்து உலர்த்திய பின்னரே அகற்ற வேண்டும்.

எண்ணெயை அடிக்கடி பூச நேர்கிறது, செலவு மிகுகிறது என்பர். மிகுவது உண்மையே. எனினும் தளம் முழுவதையும் பெயர்த்துப் புதுப்பிக்கும் செலவோடு ஒப்பிட்டால் அது அற்பம். நாள் குறித்துப் பூசவும் தேவையில்லை. பலகையில் சிறிது நீர் தெளித்தால் போதும்: துளி முத்தாக நின்றால் காத்திருக்கலாம், விரைவில் ஊறிவிட்டால் பூசவேண்டிய காலம் வந்துவிட்டது. பள்ளி மாணவரும் செய்து காணக்கூடிய சோதனை இது. நீர் மிகுதியாக ஏறுவது பலகையின் வெட்டுமுகங்களிலேயே. வேலையாட்கள் பெரும்பாலும் மறப்பதும் அவற்றையே.

தேக்கு, தேவதாரு ஆகியவற்றின் வைரம் இயல்பாகவே உறுதியானது. எம்மரத்தின் வெளிறும் அவ்வாறன்று. அத்தகைய மரத்திற்கு மேற்பூச்சு மட்டும் போதாது. அழுத்த முறையில் மருந்தேற்ற வேண்டும். 1933-இல் தேராதூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் சொந்தி காமேசம் கண்ட செம்பு, குரோமியம், ஆர்சனிக் கலவை உலகெங்கும் பரவியது. ஆர்சனிக் பற்றிய அச்சத்தால், அமெரிக்காவில் வீட்டு மரங்களுக்கு அதனை ஏற்றுவது 2003 இறுதியுடன் நிறுத்தப்பட்டது. குழந்தைகள் தவழும் தளத்திற்கு அதனைத் தவிர்த்தலே விவேகம். அம்மருந்து ஏறிய பழம்பலகைகளை விறகாக எடுத்துச் செல்லக் காவலரை அனுமதிக்கலாகாது. அவற்றின் புகையிலும் சாம்பலிலும் ஆர்சனிக் உண்டு.