250 பறவைகள்னு எழுதினேன்... பத்துகூடத் தெரியாது! - அரிட்டாபட்டியில் ஒரு மார்கழிக் காலை

2024 நவம்பரிலும் டிசம்பரிலும் நான் அதிகமாக டைப் செய்த ஊர்ப்பெயர் அரிட்டாபட்டி. டங்ஸ்டன் சுரங்கச் செய்தி எது வந்தாலும் கடைசிப் பத்தியில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: 'இங்கு சுமார் 250 வகைப் பறவைகள் உள்ளன.' காப்பி, பேஸ்ட், பப்ளிஷ்.

நான் மதுரைப் பொண்ணுதான். ஆனால், காக்கா, கிளி, மயில் தாண்டிப் பத்துப் பறவையைக் காட்டிப் பேர் கேட்டிருந்தால் முழித்திருப்பேன்.

இந்த மார்கழி லீவுக்கு ஊருக்குப் போனபோது, நாலாம் வகுப்பு படிக்கும் அக்கா மகன் மாட்டிவிட்டான். "நீ எழுதுன பறவையெல்லாம் எங்க இருக்கு சித்தி? காட்டு!"

மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு, கடன் வாங்கிய பைனாகுலரோடு இருவரும் ஸ்கூட்டரில் கிளம்பினோம்.

ஏழு மலை, 72 ஏரி

மதுரையிலிருந்து மேலூர் ரோட்டில் போய்த் திரும்பினால், சுமார் 25 கிலோமீட்டரில் அரிட்டாபட்டி. ஏழு மலைகள், 72 ஏரிகள், 200 சுனைகள் என்கிறது அரசுக் குறிப்பு. 2022 நவம்பரில், அரிட்டாபட்டியிலும் மீனாட்சிபுரத்திலும் சேர்த்து 193.215 ஹெக்டேர் நிலம் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பர்யத் தலமாக அறிவிக்கப்பட்டது. மலையில் சமணர் படுக்கைகள், தமிழி கல்வெட்டுகள், பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயில் எல்லாம் உண்டு. எறும்புத்தின்னியும் தேவாங்கும்கூட இங்கே வாழ்கின்றன.

கண்மாய்க் கரையில் வண்டியை நிறுத்தியதுமே முதலில் எங்களைப் பார்த்தது ஆள்காட்டிக் குருவிதான். அது போட்ட கூச்சலில் பக்கத்தில் இருந்த கொக்குகளெல்லாம் எழுந்து போய்விட்டன. பேர் சும்மாவா வைத்திருக்கிறார்கள்!

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அப்பத்தா கிட்டே வந்தார். "குழாயை வச்சு என்னத்தத்தா பாக்குறீக?"

"பறவை பாக்க வந்தோம் அப்பத்தா."

"அப்ப நடந்துக்கிட்டே இருந்தா எப்புடி? ஒரு இடத்துல பேசாம உக்காருங்க. அதுவா வரும்."

அதுதான் அன்றைக்கு எனக்குக் கிடைத்த பெரிய பாடம். உட்கார்ந்தோம். பத்து நிமிஷத்தில் கண்மாய் எங்களை மறந்துவிட்டது. முக்குளிப்பான் ஒன்று தண்ணீருக்குள் போக, பையன் "ஒண்ணு, ரெண்டு..." என்று எண்ண ஆரம்பித்தான். பாம்புத்தாரா இறக்கையை விரித்து வெயிலில் காயவைத்தது. ஆட்டு முதுகில் இரட்டைவால் குருவி ஓசி சவாரி போனது. கம்பியில் மங்கலான பழுப்பு நிறத்தில் ஒரு பறவை. 'இதுல என்ன இருக்கு?' என்று நினைத்த நொடியில் அது பறந்தது. இறக்கை முழுக்க நீலம்! பனங்காடையாம். "டிரெஸ்ஸை உள்பக்கமா போட்டிருக்கு சித்தி" என்றான் பையன்.

பாறைதான் அதன் வீடு

அரிட்டாபட்டிக்குப் பேர் வாங்கித் தந்தவை மூன்று வேட்டைப் பறவைகள்: லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, போனெல்லி கழுகு. ஷாஹீன், உலகின் அதிவேகப் பறவையான பொரி வல்லூறின் உள்ளினம். இரையை நோக்கிப் பாயும்போது பொரி வல்லூறின் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும். அது முட்டையிடுவது செங்குத்துப் பாறையின் விளிம்பில். மரம் போனால் இன்னொரு மரம் நடலாம். பாறையை உடைத்தால் எதை நடுவது?

பறவைக்கு மட்டுமல்ல இந்தக் கேள்வி. "மலையில விழுகுற தண்ணிதானத்தா கம்மாய்க்கு வருது. மலையே போச்சுன்னா?" என்றார் அப்பத்தா. "போன மார்கழியில நாங்களும்தான மதுரைக்குப் போனோம்!"

நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி ஏலத்தில் ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் தேர்வானது 2024 நவம்பரில். டிசம்பர் 9-ல் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7-ல் மேலூர் பகுதி மக்கள் ஆயிரக்கணக்கில் மதுரைக்குப் பேரணியாக வந்தார்கள். ஜனவரி 23-ல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. இந்தத் தேதிகளெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால், கண்மாய்த் தண்ணீரும் வல்லூறின் கூடும் ஒரே பாறையை நம்பி இருப்பது அங்கே உட்கார்ந்தபோதுதான் புரிந்தது.

வெடி வெடிக்காத ஊர்

ஒரு நாள் கூடுதலாக இருந்தால், சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடிக்கும் போய் வாருங்கள். 1977 முதல் பறவைகள் சரணாலயம். பறவைகள் மிரளக் கூடாது என்று வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தலைமுறைகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வடகிழக்கு மழையில் கண்மாய் நிறைந்த பிறகு, நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை நல்ல சீஸன்.

கிளம்பும் முன்...

* காலை 6 முதல் 9 மணிதான் பெஸ்ட். பளிச் நிற உடை வேண்டாம்.
* போனில் பறவைக் குரலைப் போட்டுக் கூப்பிடாதீர்கள். எதிரி வந்துவிட்டதாக அது பதறும்.
* கூட்டுக்கு அருகே போய் போட்டோ, செல்ஃபி வேண்டாம். கல்வெட்டில் கை வைக்காதீர்கள்.
* 'மெர்லின்' ஆப் இலவசம். போட்டோவையோ குரலையோ வைத்துப் பறவையின் பேரைச் சொல்லும்.
* பொங்கல் நாள்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். 15 நிமிடம் ஒதுக்கினால் போதும், வீட்டு மாடியிலிருந்தும் கலந்துகொள்ளலாம்.

நோட்டில் ஒரு கேள்விக்குறி

வல்லூறைப் பார்த்தோமா? ஒன்பது மணிக்கு, பாறை ஓரமாகப் புறாக்கள் திடீரென்று சிதறின. கறுப்பாக ஏதோ ஒன்று சீறிப் போனது. பைனாகுலரை எடுப்பதற்குள் மறைந்துவிட்டது.

"வல்லூறு சித்தி! எழுது!" என்று குதித்தான் பையன்.

"நல்லாப் பார்க்காம எப்படிடா எழுதுறது?"

பேரம் பேசி முடித்தோம். நோட்டில் இப்போது 16 பெயர்கள். பதினேழாவதாக, அவன் கையெழுத்தில், 'வல்லூறு?'

பொங்கல் லீவில் அந்தக் கேள்விக்குறியை அழிக்க மறுபடியும் போகிறோம். உங்க ஊர்க் கண்மாயில் இப்போது யார் யார் வந்திருக்கிறார்கள்? ஒரு காலை போய் உட்கார்ந்து பாருங்களேன்!