மாத்தேரா தெரியும், குடியம் தெரியுமா?

இத்தாலியின் தெற்கே பசிலிக்காத்தா என்றொரு மாநிலம். ரோம், வெனிஸ் என்று கிளம்புகிறவர்கள் அவ்வளவாக எட்டிப் பார்க்காத மூலை. அங்கே மாத்தேரா என்ற ஊரில் சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து செய்த குகை வீடுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. 'சாஸ்ஸி' என்று பெயர். மெல் கிப்சன் தன் இயேசு படத்தை (2004) அங்கேதான் எடுத்தார். பிறகு ஜேம்ஸ் பாண்டும் வந்து கார் ஓட்டிவிட்டுப் போனார்.

அந்தப் படங்கள் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் முடித்து வருகிறவரின் செல்போனிலும் வந்து விழுகின்றன. "செத்தா இங்க போயிட்டு சாகணும்டா" என்று நண்பனுக்கு அனுப்புகிறார். தப்பே இல்லை, பார்க்க வேண்டிய ஊர்தான். ஆனால் அதே ஆளிடம் "குடியம் போயிருக்கீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். "குடிக்கவா?" என்பார்.

குடியம் இருப்பது அவருடைய சொந்தத் திருவள்ளூர் மாவட்டத்தில்!

காட்டுப்பள்ளிக்குத் தெற்கே எண்ணூர் முகத்துவாரத்தில் கடலில் கலக்கிறதே கொசஸ்தலை ஆறு (கொற்றலை ஆறு என்றும் சொல்வார்கள்), அதைப் பிடித்துக்கொண்டு மேலே போனால் பூண்டி ஏரி. ஏரிக்கு அந்தப் பக்கம் அல்லிக்குழி மலைக்காடு. குடியம் கிராமத்திலிருந்து முள்காட்டுக்குள் சில கிலோமீட்டர் நடக்க வேண்டும். திடீரென்று ஒரு பெரிய பாறை வாய் திறந்து நிற்கும். கூழாங்கற்களைச் சிமெண்ட் போட்டு ஒட்டியது போன்ற பாறை. அண்ணாந்து பார்த்தால் கூரை முழுக்க உருண்டைக் கற்கள். 1960களில் இந்தியத் தொல்லியல் துறை தோண்டிப் பார்த்தபோது பழைய கற்கால மனிதர்களின் கருவிகள் இங்கே கிடைத்தன.

பக்கத்திலேயே அதிரம்பாக்கம். 1863 மே மாதம் பல்லாவரத்தில் ஒரு கைக்கோடரியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபுட், அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங்குடன் வந்து சேர்ந்த இடம். அதன்பிறகு 'மெட்ராஸ் கைக்கோடரி மரபு' என்ற பெயர் உலகத் தொல்லியல் புத்தகங்களில் ஏறியது. 1999 முதல் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் அங்கே அகழாய்வு செய்தார்கள். 2011இல் 'சயின்ஸ்' இதழில் வந்த முடிவு: இங்குள்ள கைக்கோடரிகளுக்கு வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள். 2018இல் 'நேச்சர்' இதழில் இன்னொன்று: மேலடுக்குகளில் கிடைத்த 7,200க்கும் மேற்பட்ட கருவிகளை வைத்துப் பார்த்தால், சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கிருந்தவர்கள் கருவி செய்யும் முறையை மாற்றிவிட்டார்கள். அந்த மாற்றம் இந்தியாவுக்கு எப்போது வந்தது என்று அதுவரை போட்டிருந்த கணக்கு அதோடு அடிபட்டுப் போனது.

இதற்கு ஊரில் எத்தனை பேர் பட்டாசு வெடித்தார்கள்?

கீழடிக்கு வெடித்தார்கள். வெடிக்க வேண்டியதுதான், கீழடி பெரிய விஷயம். 2,600 வருடத்துக்கு மேடை போட்டுப் பேசிய தலைவர்கள் 15 லட்சம் வருடத்துக்கு ஏன் வாயைத் திறப்பதில்லை? காரணம் ரொம்ப எளிது. அதிரம்பாக்கத்தில் கல்லை உடைத்தவர்கள் தமிழர்கள் இல்லை. இன்றைய மனித இனமே அப்போது தோன்றியிருக்கவில்லை. மனித எலும்பும் அங்கே கிடைக்கவில்லை, அதனால் அவர்கள் யாரென்றே சொல்ல முடியாது. ஜாதி தெரியாது, மொழி தெரியாது, மதமும் தெரியாது. கொடி கட்ட முடியாத முன்னோர் யாருக்கு வேண்டும்? 'கல் தோன்றி' என்று பெருமை பேசுகிற நாட்டில், நிஜமாகவே கல்லை எடுத்துக் கருவி செய்தவனுக்கு மரியாதை இல்லை.

உடனே ஒரு கூட்டம் கிளம்பும். "அப்போ ரோடு போடு, ரிசார்ட் கட்டு, மாத்தேரா மாதிரி ஆக்கு!" அவர்கள் மாத்தேராவின் முழுக்கதையையும் படித்தால் நல்லது. அந்தக் குகைகளில் ஏழை விவசாயிகள் கழுதையோடும் கோழியோடும் ஒரே அறையில் கிடந்தார்கள். முசோலினி காலத்தில் அந்த மாநிலத்துக்கு நாடு கடத்தப்பட்ட கார்லோ லேவி 1945இல் வெளியிட்ட புத்தகத்தில் மாத்தேராவும் வருகிறது. காசு கேட்காமல் மலேரியாவுக்குக் கொய்னா மாத்திரை கேட்டுப் பின்னால் ஓடிவந்த பிள்ளைகளை அதில் பார்க்கலாம். தேசிய அவமானம் என்றார்கள். 1952இல் சட்டம் போட்டு சுமார் 15,000 பேரை வெளியே அனுப்பினார்கள். 1993இல் அதே குகைகள் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம் ஆயின, 2019இல் ஊரே ஐரோப்பியக் கலாச்சாரத் தலைநகரம் ஆனது. இப்போது குகைக்குள் நட்சத்திர ஓட்டல். முதலில் ஆளைக் கிளப்பு, அப்புறம் இடத்தை விற்று விடு. குடியத்துக்கு இது வேண்டாம். குகையில் அம்மனைக் கும்பிட வருகிற கிராமத்து ஜனங்களை டிக்கெட் கவுண்டரில் நிறுத்துகிற நாளும் வர வேண்டாம்.

அப்படியானால் என்னதான் வேண்டும்? இங்கேதான் மண் லாரி வருகிறது.

அதிரம்பாக்கம் மட்டும் தனியாக இல்லை. கொசஸ்தலை ஆற்றுப் படுகை நெடுகப் பல இடங்களில் கற்கருவிகள் செம்மண்ணோடும் சரளையோடும் கலந்து கிடக்கின்றன. திருவள்ளூர் மாவட்டத்தில் சவுடு ஏற்றிய லாரியைப் பார்க்காமல் ஒரு நாள் பயணம் செய்ய முடியுமா? ரோட்டுக்கு மண், மனைக்கு மண், தாழ்வான நிலத்தை மேடாக்கி ஷெட் போட மண். ஒவ்வொரு லோடிலும் கைக்கோடரி போகிறது என்று யாரும் சொல்லவில்லை. போனால் கண்டுபிடிக்க ஆள் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. குவாரி மேஸ்திரிக்கோ டிரைவருக்கோ யாராவது ஒரு கைக்கோடரியைக் காட்டியிருக்கிறார்களா? கோயில் சிலை கிடைத்தால் போலீஸ் வரும், தாசில்தார் வருவார், பேப்பரில் போட்டோ வரும். பேரிக்காய் வடிவத்தில் இரண்டு பக்கமும் செதுக்கிய ஒரு கல் கிடைத்தால் அது ஜல்லிதான். அதோடு அது எந்த அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்ற தகவலும் போய்விடும். ஆய்வாளருக்குத் தனிக் கல்லைவிட அந்த அடுக்குதான் முக்கியம். லாரி ஏறிய அடுக்கை மறுபடி அடுக்க முடியாது.

இவ்வளவுக்கும் பூண்டியிலேயே 1985இல் தமிழக அரசு தொல்பழங்காலத்துக்கென்று ஓர் அகழ்வைப்பகம் திறந்து வைத்திருக்கிறது. புரூஸ் ஃபுட் சேகரித்தவை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மாவட்டத்துப் பள்ளிக்கூடங்களோ வருடா வருடம் தீம் பார்க்குக்கு பஸ் பிடிக்கின்றன. அதில் ஒரு பஸ்ஸையாவது பூண்டிக்குத் திருப்பினால் போதும். கண்ணாடிப் பெட்டிக்குள் கைக்கோடரியைப் பார்த்த பிள்ளைகளில் சிலராவது மண் லாரி ஓட்டுகிற அப்பாவிடமும், பொக்லைன் ஓட்டுகிற மாமாவிடமும் வீட்டுக்குப் போய்ச் சொல்லுவார்கள்: "அந்த மாதிரி கல்லு வந்தா வண்டிய நிறுத்துப்பா."