மலிவு போர்ட்டும் மாணவர் பையும்



மது அருந்தலாமா, கூடாதா என்ற பட்டிமன்றத்தை இந்தப் பக்கங்களில் மீண்டும் நடத்த நான் வரவில்லை. அந்த வழக்கில் வள்ளுவர் தமது 93-ஆம் அதிகாரத்தில் தீர்ப்பளித்துவிட்டார். அத்தீர்ப்பை ஏற்றவர்கள் நம்மிடையே பலர் உளர். அவர்களிடம் எனக்கு மதிப்புண்டு. என் வழக்கு அதனினும் மிகச் சிறியது. ஆனால் நம் பையைத் தொடுவது. விடுதி அறைகளிலும், விழா முடிந்த இரவு விருந்துகளிலும் 'போர்ட்' என்ற பெயரில் ஓர் இனிப்பான சிவப்பு நீர் நம்மவர் நடுவே உலவுகிறது. "மலிவாகக் கிடைக்கிறது, இனிக்கிறது, வேறென்ன வேண்டும்?" என்கிறார்கள். மலிவாகக் கிடைப்பது மெய்தான். அது போர்ட் என்பதுதான் மெய்யன்று. இவ்வாண்டு விருந்துக்கு மன்றத்தின் பொதுப் பணத்திலேயே அதில் ஒரு பெட்டி வாங்கலாம் என்று ஒரு யோசனையும் கிளம்பியிருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் போர்ட் என்பது யாது? போர்ச்சுகல் நாட்டின் வடக்கே டூரோ என்ற ஆறு ஓடுகிறது. அதன் கரைச் சரிவுகளில், பாறையை உடைத்துப் படிப்படியாகக் கட்டிய தோட்டங்களில் விளையும் திராட்சையிலிருந்து எடுப்பதே போர்ட். சாறு நொதித்துக்கொண்டிருக்கும்போதே, சர்க்கரையில் ஏறத்தாழப் பாதி இன்னும் எஞ்சியிருக்கும் நேரம் பார்த்து, 77 விழுக்காடு வலிமையுள்ள திராட்சைச் சாராயத்தை அதில் ஊற்றிவிடுவார்கள். நொதிச்செல்கள் அவ்வளவு சாராயத்தைத் தாங்கமாட்டா, வேலையை நிறுத்திவிடும். எஞ்சிய சர்க்கரை அப்படியே தங்கிவிடும். இனிப்பின் இரகசியம் அவ்வளவே. யாரும் சீனி கொட்டுவதில்லை.

கணக்குப் பிரியர்களுக்காக ஒரு வரி. 435 லிட்டர் சாற்றுக்கு 115 லிட்டர் சாராயம் என்பது பழைய வழக்கம். சாறு அதற்குள் 6 விழுக்காடு வரை நொதித்திருந்தது என்று கொண்டால், கலந்த 550 லிட்டரின் வலிமை 20.8 விழுக்காடு வரும். போர்ட் புட்டிகளில் 19 முதல் 22 வரை எண் போட்டிருப்பதன் காரணம் இதுதான். நம் பரிசோதனைச்சாலையில் முதலாண்டு மாணவரும் போடக்கூடிய கணக்கு.

இந்த முறை பரவியதற்கு ஆங்கிலேயரின் வாணிபமே காரணம். பிரான்சோடு பகை மூண்டபோது அவர்களுக்குப் பிரெஞ்சு மது கிடைக்கவில்லை. 1703-இல் மெத்துவன் உடன்படிக்கை செய்து போர்ச்சுகல் மதுவுக்குக் குறைந்த வரி விதித்தனர். கடற்பயணத்தில் மது கெடாமலிருக்கச் சாராயம் சேர்க்கும் பழக்கம் வலுத்தது. வாணிபம் பெருகவே கலப்படமும் பெருகிற்று. 1756-இல் பொம்பால் பிரபு டூரோ நிலப்பகுதிக்கு எல்லைக்கல் நட்டு, 'இதற்குள் விளைந்ததே போர்ட்' என்று சட்டம் செய்தார். ஆக, போலிப் போர்ட் என்ற தொல்லை நம் காலத்துப் புதுமையன்று. இருநூற்றைம்பது ஆண்டுகளைக் கடந்த பழந்தொல்லை.

இனி நம் கடைக்கு வருவோம். இங்கே மலிவாக விற்கும் 'போர்ட்' பெரும்பாலும் கோவா வழக்கத்தைப் பின்பற்றியது. 1961 டிசம்பரில் போர்த்துக்கீசியர் கோவாவை விட்டுப் போனார்கள். அவர்கள் மதுவின் பெயர் மட்டும் போகவில்லை. 'போர்ட்டோ', 'டூரோ' என்ற பெயர்கள் இந்தியப் புவிசார் குறியீட்டுப் பதிவேட்டிலும் ஏறியவை. இருந்தும் முகச்சீட்டுகளில் 'போர்ட்' என்ற சொல் தாராளமாகத் திரிகிறது. முகச்சீட்டில் சாராய அளவைப் பாருங்கள். பெரும்பாலும் 20-ஐ எட்டாது. அது இனிப்பூட்டிய சிவப்பு ஒயின், அவ்வளவுதான்.

அந்த ஒயினுக்குப் பல இடங்களில் போகும் திராட்சை எது தெரியுமா? நம் பக்கத்து வயலில் விளையும் பெங்களூர் ப்ளூ. பெங்களூர் ஊரகம், சிக்கபள்ளாப்பூர், கோலார் வட்டாரங்களில் ஆண்டுக்கு இருமுறை காய்க்கும் கருநீலத் திராட்சை. அதற்கும் புவிசார் குறியீடு உண்டு, நம் கம்பம் பன்னீர் திராட்சைக்கு உள்ளதுபோலவே. அதை நான் தாழ்த்திப் பேசமாட்டேன். சாறாகக் குடித்தால் அருமை. ஆனால் அதன் இரத்தத்தில் லாப்ரஸ்கா என்ற அமெரிக்கத் திராட்சை இனம் கலந்திருக்கிறது. அவ்வினத்துக்கே உரிய ஒரு வாசனை உண்டு. மேல்நாட்டார் அதை 'நரி வாசம்' என்பர். திராட்சை மிட்டாயை மென்றால் வருமே, அந்த மணத்துக்கு நெருக்கம். மெத்தில் ஆந்த்ரனிலேட் என்ற சேர்மம் இவ்வினத் திராட்சைகளில் உண்டு. மிட்டாய்த் தொழிற்சாலையும் அதே சேர்மத்தைத்தான் பயன்படுத்துகிறது. மலிவுப் போர்ட் மிட்டாய்போல இருக்கிறது என்று ஒரு நண்பர் சொன்னது வெறும் கேலியன்று, வேதியியல்!

அப்படியானால் நல்ல போர்ட்டைச் சிக்கனமாக வாங்க வழியில்லையா? உண்டு, ஆனால் பெயர்களைப் படிக்கத் தெரியவேண்டும். 'ரூபி' என்பது இளையது, பழச்சுவை மிக்கது, விலை குறைந்தது. 'டானி' என்பது மரப்பீப்பாயில் பல்லாண்டு கிடந்து பழுப்பேறியது. இங்கே ஒரு சூது இருக்கிறது. வயது குறிப்பிடாத மலிவு டானி பெரும்பாலும் நெடுங்காலம் கிடந்ததாக இராது. நிறம் வெளுத்த இளம் மதுவாகவே இருக்கும். 10, 20 என்று ஆண்டு போட்டிருந்தால்தான் அந்தப் பெயருக்குக் கொடுக்கும் காசுக்குப் பொருள் உண்டு. 'விண்டேஜ்' என்பது செல்வர் சரக்கு. இரண்டு மூன்று ஆண்டு பீப்பாயில் வைத்துப் புட்டியில் அடைத்து, பிறகு பதினைந்து, இருபது ஆண்டு காத்திருக்க வேண்டும். வாடகை அறையை ஆண்டுதோறும் மாற்றும் நமக்கு அது எதற்கு? திறந்தால் ஓரிரு நாளில் தீர்த்தாகவும் வேண்டும்.

என் கட்சி, 'லேட் பாட்டில்ட் விண்டேஜ்' என்ற வகையே மாணவனுக்கு ஏற்றது என்பது. ஒரே ஆண்டின் திராட்சை. நான்கு முதல் ஆறு ஆண்டு வரை பீப்பாயில் கிடந்து, குடிக்கத் தயாராகவே புட்டிக்கு வருவது. விண்டேஜின் குணத்தில் ஒரு பங்கை அதன் விலையில் சிறு பங்குக்குத் தருகிறது. அதுவும் எட்டாதென்றால் 'ரிசர்வ் ரூபி'. எதை வாங்கினாலும் கழுத்தில் ஒட்டிய எண்ணிட்ட முத்திரைத் தாளைத் தேடுங்கள். டூரோ, போர்ட்டோ மதுக் கழகம் தரும் அத்தாட்சி அது. அரைப் புட்டி, அதாவது 375 மில்லி, கிடைத்தால் இன்னும் நலம். திறந்த ரூபியை மூடிக் குளிர்ப்பெட்டியில் நிறுத்தினால் இரண்டு மூன்று வாரம் தாங்கும். டானி அதற்கும் மேலே. இன்றிரவே காலி செய்தாக வேண்டும் என்ற அவசரம் இல்லாத மது இது. அந்த ஒரு குணத்துக்காகவே நான் இதன் பக்கம் பேசுகிறேன்.

விலை? அதுதான் இடிக்கிறது. 2021 நிதிநிலை அறிக்கையில் வெளிநாட்டு ஒயினுக்குச் சுங்கம் 50 விழுக்காடு, வேளாண் மேல்வரி 100 விழுக்காடு என்று பிரித்தார்கள். கூட்டினால் பழைய 150-தான். அதன்மேல் மாநிலத்தின் ஆயத்தீர்வை. லிஸ்பனில் எளியவர் வாங்கும் புட்டி இங்கே வரும்போது சில ஆயிரம் ஆகிவிடுகிறது. விமான நிலையத்தின் தீர்வையில்லாக் கடையில் வாங்கிவரக்கூடிய உறவினர் உள்ளவர் பேறு பெற்றவர். மற்றவர் கணக்குப் போடுவோம். உண்மைப் போர்ட் புட்டி 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 மில்லியாக ஊற்றினால் 750 மில்லியில் பன்னிருவருக்கு வரும், தலைக்கு 250. மலிவுப் புட்டி 400 என்று கொள்ளுங்கள். அதை யாரும் 60 மில்லியாகக் குடிப்பதில்லை. டம்ளரில் ஊற்றி மூவர் ஒரு புட்டியைத் தீர்ப்பார்கள். பன்னிருவருக்கு நான்கு புட்டி, 1,600, தலைக்கு 133. மலிவுதான், மறுக்கவில்லை. ஆனால் முதலாமவர் உள்ளே செலுத்தியது 12 மில்லி சாராயம். இரண்டாமவர், 14 விழுக்காடு என்று கொண்டாலும், 35 மில்லி. மும்மடங்கு! மறுநாட் காலை வகுப்பில் தலையைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் யார் என்பதைப் பேராசிரியரே சொல்வார்.

சில ஆயிரமும் வேண்டாம், உண்மையான சரக்கும் வேண்டும் என்பவர் போர்ட் என்ற பெயரையே மறந்துவிடலாம். கர்நாடகம் 2007-இல் தனி ஒயின் கொள்கை வகுத்த மாநிலம். நந்தி மலையடிவாரத்துத் தொட்டபள்ளாப்பூரிலும் சென்னபட்டணத்திலும் ஒயின்சாலைகள் உண்டு. ஒயின் என்று நேர்மையாக எழுதி, ஒயினாகவே விற்கும் புட்டி போலிப் போர்ட்டைவிட மேல். எம்.எஸ்.ஐ.எல். கடையில் அச்சிட்ட விலைக்கே தருவார்கள். (நம் ஊர் 'ஒயின் ஷாப்'பில் ஒயினைத் தவிர எல்லாம் கிடைக்கும் என்பதை நினைத்துச் சிரித்துக்கொள்ளலாம். ஆனால் இங்கே வாங்கியதை அத்திப்பள்ளி தாண்டி ஓசூருக்குள் கொண்டுபோனால் மதுவிலக்குச் சட்டம் சிரிக்காது.)

இன்னொரு மூடநம்பிக்கையையும் தொடவேண்டும். "போர்ட் குடித்தால் இரத்தம் ஊறும், பிள்ளை பெற்றவளுக்கும் கொடுப்பார்களே" என்று படித்தவர்களே சொல்கிறார்கள். சிவப்பாயிருப்பதெல்லாம் இரத்தமாகுமா? அந்நிறம் திராட்சைத் தோலின் ஆந்தோசயனின். இரத்தம் ஊற இரும்புச்சத்து வேண்டும். அதற்கு முருங்கைக்கீரையும் கேழ்வரகும் இருக்கின்றன. பாலூட்டும் தாய்க்குச் சாராயத்தை மருந்தென்று கொடுப்பது மருந்தன்று, தீங்கு. அறிவியல் மாணவர்களாகிய நாமாவது இதை நம் வீடுகளில் சொல்லவேண்டாமா?

நான் குடியிருப்பது பொம்மசந்திராவில். 2025 ஆகஸ்டில் மஞ்சள் தடத்து மெட்ரோ திறந்தபின் நகரத்துக்கு வருவது எளிதாயிற்று. வாடகை இங்கே குறைவு. 1978-இல் ஒரு வாடகை வீட்டுக் கார்க் கொட்டகையில் தொடங்கிய பயோகான் நிறுவனத்தின் பெரிய வளாகம் இப்பகுதியில்தான் உள்ளது. அதை நிறுவிய கிரண் மஜும்தார் ஆஸ்திரேலியாவில் பீர் வடிக்கப் படித்தவர்; பெண் என்பதால் இந்திய வடிசாலைகளில் வேலை கிடைக்கவில்லை. பப்பாளியிலிருந்து பப்பேயினும், மீனின் காற்றுப்பையிலிருந்து பீரைத் தெளிவிக்கும் பசையும் எடுத்து விற்றே தொழிலைத் தொடங்கினார். மதுவின் அறிவியலைக் கற்று மருந்துத் தொழிற்சாலை கண்டவர்! நொதித்தலைப் படிக்கும் நமக்கு இது நல்ல பக்கத்து வீடு.

ஆனால் அதே பொம்மசந்திராவின் ஆலைச் சங்கு ஊதியபின் நான் காண்பது வேறு. கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை என்று நம் மாவட்டங்களிலிருந்து வந்து, ஓர் அறையில் ஐவர் அறுவராகத் தங்கி, ஊருக்குப் பணம் அனுப்பும் நம் அண்ணன்மார். அவர்களில் குடிப்பவர் தேடுவது சுவையை அன்று. குறைந்த காசுக்கு நிறைந்த மயக்கம். மலிவு என்பதையே ஒரே அளவுகோலாகக் கொண்டால் அந்தப் பாதை எங்கே முடிகிறது என்பதை 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி காட்டிற்று: மெத்தனால் கலந்த சாராயத்துக்கு 60-க்கும் மேற்பட்ட உயிர்கள். 1937-இல் இராஜாஜி முதன்முதலாக மதுவிலக்குக் கொண்டுவந்தது எங்கள் சேலம் மாவட்டத்தில். 1971-இல் அதை நிறுத்தி, மீண்டும் கொண்டுவந்து, மீண்டும் எடுத்து, 2003-இல் அரசே சில்லறைக் கடை வைத்தது. தடையும் கடையும் மாறி மாறி வந்தன. எதைக் குடிக்கிறோம், எவ்வளவு குடிக்கிறோம் என்று கற்றுக்கொடுக்க மட்டும் யாரும் வரவில்லை.

பண்டைத் தமிழனும் குடித்தானே என்று சிலர் புறநானூற்றைக் கையில் எடுப்பார்கள். ஆம், நக்கீரர் பாண்டியன் நன்மாறனைப் பாடுகையில் யவனர் கொண்டுவந்த தேறலைக் குறிக்கிறார். 1945-இல் வீலர் அரிக்கமேட்டைத் தோண்டியபோது மத்தியதரைக் கடல் நாட்டு மதுச்சாடிகளின் உடைசல்களும் வெளிவந்தன. கடல் கடந்து வந்த அந்தச் சரக்கு மன்னன் அவைக்கு வந்தது. மாணவர் மன்றத்தின் சந்தாப் பணத்தில் வரவில்லை.

ஆகவே செயற்குழுவுக்கு என் யோசனை இது. மன்றத்தின் பணத்தில் ஒரு காசும் மதுவுக்குப் போகக்கூடாது. அது குடிக்காதவர் பணமும் ஆகும். மாதச் செலவை எண்ணி எண்ணிக் கழிப்பவர் பணமும் ஆகும். அப்பணத்தில் பெங்களூர் ப்ளூ திராட்சைச் சாறு வாங்குங்கள். கூடைக்கணக்கில் வாங்கி நாமே பிழிந்தால் செலவு இன்னும் குறையும், பிழிய ஆள் நான் தருகிறேன். போர்ட் வேண்டுவோர், 21 வயது நிறைந்தவராகப் பன்னிருவர், தனியே பணம் போட்டு, விடுதிக்கு வெளியே, முத்திரைத் தாள் ஒட்டிய ஒரே ஒரு புட்டி வாங்கிக்கொள்ளட்டும். அளவுக்குவளை கொண்டு ஊற்றட்டும். சாற்றுக்கான மதிப்பீட்டை எழுதிப் பொருளாளரிடம் கொடுத்திருக்கிறேன். நூறு பேருக்கு 20 கிலோ பழம் போதும் என்பது என் கணக்கு. கூடுதல் குறைவு இருந்தால் அடுத்த கூட்டத்துக்குள் சொல்லுங்கள்.