உள்ளங்கையிலே இரு நாணயங்கள்

தம்பி!

சாரல் காலத்தில், நாடகத்திற்காகத் தென்காசி சென்றிருந்தேன். பகலெல்லாம் குற்றாலத்து அருவியில் குளியல். மாலையில், செங்கோட்டையிலே நண்பர் இல்லத்தில் விருந்து. அந்த வீட்டுப் பெரியவர் சுருக்குப்பையை அவிழ்த்து, மிளகளவு வெள்ளிப் பொட்டொன்றை என் உள்ளங்கையில் வைத்தார். அவர் தந்தையார் விட்டுச்சென்ற திருவிதாங்கூர்ச் சக்கரம்! 28 சக்கரம் 8 காசு கொடுத்தால்தான் ஒரு பிரிட்டிஷ் ரூபாய். விரலுக்கு அகப்படாத பொடி. ஆகவே குழிகள் குடைந்த பலகையிலே கொட்டி எண்ணுவார்களாம்.

குற்றாலம் வெள்ளையனிடம், செங்கோட்டை திருவிதாங்கூர் மன்னரிடம். மலை ஒன்று, மொழி ஒன்று, கொண்டான் கொடுத்தான் உறவும் ஒன்று. நாணயம் மட்டும் இரண்டு! 1956 நவம்பர் 1-ல் செங்கோட்டை தமிழகத்தோடு இணைந்தது. சக்கரம் அதற்கு முன்பே ஓய்ந்துவிட்டது.

இனி ஐரோப்பாவைப் பார், தம்பி. இருமுறை உலகையே எரித்த கண்டம் அது. அங்கே 2002 முதல் பல நாடுகளுக்கு ஒரே நாணயம், யூரோ. 2004 முதல், 'நாமெல்லாம் ஐரோப்பியர்' என்ற எண்ணத்தைப் போற்ற, வெள்ளியிலும் தங்கத்திலும் சேகரிப்போருக்கென்றே நாணயம் அடிக்கிறார்கள். உறவு கொண்டாடுவோர் ஊடலே அறியாதவரா? 2015-ல் வாட்டர்லூ போரின் 200-ஆம் ஆண்டுக்கு பெல்ஜியம் 2 யூரோ நாணயம் வெளியிட முனைந்தது. நெப்போலியன் தோற்ற கதையை எங்கள் சட்டைப்பையிலும் திணிப்பதா என்று பிரான்சு சீறியது. பெல்ஜியமோ, தன் நாட்டுக்குள் மட்டும் செல்லும் இரண்டரை யூரோ அடித்துச் சிரித்தது!

ஆயினும் ஒன்றைக் கவனி. யூரோவின் ஒருபுறம் எல்லோருக்கும் பொது; மறுபுறம் அந்தந்த நாட்டுக்கு. கிரேக்கன் தன் எழுத்தைப் பொறிக்கிறான். பிளவுபட்ட சைப்பிரசு கூட, தன் பெயரைக் கிரேக்கத்திலும் துருக்கியிலும் பொறிக்கிறது. ஒற்றுமை உடைந்தா போயிற்று?

இங்கே? ரூபாய்த் தாளின் மொழிப்பட்டியலில் தமிழ் உண்டு. அன்றாட நாணயத்தில் இந்தியும் ஆங்கிலமுமே. இடம் போதாது என்பார்கள். மும்பை அக்கசாலைக்கு வைரக்குறி, ஐதராபாதுக்கு விண்மீன், நொய்டாவுக்குப் புள்ளி! அடித்த இடத்தைச் சொல்ல இடமிருக்கிறது. புழங்கும் மக்களின் மொழிக்கு மட்டும் இல்லையாம்! (அக்கசாலை என்ற பெயரிலேயே கொற்கை அருகே ஓர் ஊர் உண்டு என்பதை அவர்களுக்கு யார் சொல்வது?)

நினைவு நாணயங்கள் வரவில்லையா என்று கேட்பாய். வந்தன. 1995-ல் தஞ்சை உலகத் தமிழ் மாநாட்டுக்கு வள்ளுவர் உருவம். தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாண்டுக்கு நூற்றுக்கு எண்பது பங்கு வெள்ளியில் 1000 ரூபாய் நாணயம். 2024 ஆகஸ்டு 18-ல் கலைஞர் நூற்றாண்டு 100 ரூபாய் நாணயம், 'தமிழ் வெல்லும்' என்ற எழுத்தோடு. மகிழ்ந்தேன், மறுக்கவில்லை. ஆனால் இவற்றில் விலையுயர்ந்தவை பேழைக்குள் உறங்குகின்றன. கீரை விற்கும் தாயின் முந்தானையில் அவை முடியப்படுவதில்லை.

முடியப்பட்டது ஒன்று உண்டு: 2009-ல் வந்த அண்ணா நூற்றாண்டு ஐந்து ரூபாய். அதிலே அவருடைய தமிழ்க் கையெழுத்து. நடத்துநர் கொடுத்த சில்லறையில் அது எனக்குக் கிடைத்திருந்தது. பெரியவரின் சக்கரத்தைத் திருப்பித் தந்தபோது, அதையும் எடுத்து அருகில் வைத்தேன். கண்ணாடியை உயர்த்தி, நெடுநேரம் பார்த்தார்.

"இதை நான் படிப்பேன், தம்பி" என்றார்.