பாட்டில் பொய் வேண்டாம்

ஒரு மாணவி, பத்தாம் வகுப்பு

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது பழமொழி. அகத்தின் துயரமோ குரலில் தெரியும் என்பது என் எண்ணம். இன்று நம் வீடுகளில் புதுப் பாட்டுகளைப் பற்றி ஓயாத வழக்கு நடக்கிறது. “இது பாட்டா, ஒப்பாரியா? நம் நாட்டு இசையா, மேல்நாட்டு இசையா? ஒன்றும் விளங்கவில்லையே!” என்று பெரியவர்கள் கடிந்துகொள்கிறார்கள். நாமோ இயர்போனை மாட்டிக்கொண்டு அறைக்குள் புகுந்துவிடுகிறோம். இவ்வழக்கில் என் கருத்தையும் இங்கே கூற விரும்புகிறேன்.

திரைப்படத்தைச் சாராமல் இளைஞர்கள் தாமே எழுதி, இசையமைத்து வெளியிடும் பாடல்களைச் சுயாதீன இசை என்கிறார்கள். திரைப்பாடல் கதையில் வரும் ஒருவருக்காக எழுதப்படுவது. இதிலோ பாடுபவர் தம் கதையையே பாட இடமுண்டு. 2018 ஜனவரியில் சென்னையில் அரங்கேறிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு கானா, ராப், ராக் மூன்றையும் சேர்த்து, சாதியால் பட்ட வலியைத் துணிவுடன் பாடியது. அக்குழுவின் இசைவாணி, பெரும்பாலும் ஆண்களே பாடிவந்த கானாவைப் பாடிப் புகழ்பெற்று, 2020-இல் பி.பி.சி.யின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார்.

2021 மார்ச்சில் வெளிவந்த ‘என்ஜாய் எஞ்சாமி’யை அறியாதவர் நம்மில் இல்லை. அதை எழுதிய அறிவு, தீயுடன் இணைந்து பாடினார். உடன் நின்று இசை தந்தவர் சந்தோஷ் நாராயணன். ஆட வைக்கும் அந்தத் தாளத்துக்குள் ஒப்பாரியும் கலந்திருக்கிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தம் பாட்டியின் நினைவுகளிலிருந்து அப்பாட்டு பிறந்ததாக அறிவு கூறியிருக்கிறார். 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவாயிற்று. அப்படி வந்தவர்களில் சிலர் நம் மாவட்டத்து அரசு ரப்பர்த் தோட்டங்களிலும் குடியமர்ந்தார்கள். ஆகவே அது நமக்கு அயலார் பாட்டு அன்று.

கலப்பும் நமக்குப் புதிதன்று. நாஞ்சில் நாட்டு வில்லிசையில் பாட்டு, கதை, பேச்சு, நகைச்சுவை எல்லாம் கலந்தே வருகின்றன. ஒழுகினசேரியில் 1908-இல் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன், காந்தியடிகளின் வரலாற்றை வில்லில் ஏற்றிப் பாடினார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடும் அந்தந்த மக்களின் இசை மரபை மதிக்கச் சொன்னது. தபேலாவும் ஆர்கனும் சேர்ந்து ஒலிக்கும் நம் ஆலயப் பாடல் கலப்பிசை அல்லாமல் வேறென்ன?

ஆனால் கலப்பைவிட முக்கியமானது உண்மை. இதை நான் கற்றது இசையரங்கில் அல்ல, ஒரு துக்க வீட்டில்.

சென்ற ஆண்டு என் பாட்டி இறந்தபோது, அவருடைய தங்கை தலைவிரிகோலமாய் ஒப்பாரி வைக்கத் தொடங்கினார். சிறு வயதில் இருவரும் கயிறு திரித்தது முதல் ஒவ்வொன்றாகப் பாட்டில் வந்தது. “படித்தவர்கள் வீட்டில் இது என்ன?” என்று உறவினர் ஒருவர் முணுமுணுத்தார். நான் சின்னப் பாட்டியின் கையைப் பிடித்து, “எல்லாரும் பார்க்கிறார்கள்” என்றேன். அவர் நிறுத்திவிட்டார். பிறகு ஒலிபெருக்கியில் பதிவு செய்த பாடல் போட்டோம். எனக்கு அன்று அழுகையே வரவில்லை.

பல மாதங்களுக்குப் பின் கைப்பேசியில் அறிவின் பாட்டைக் கேட்டபோதுதான் நான் தடுத்தது எதை என்று உணர்ந்தேன். கிறிஸ்துமஸ் விடுமுறையில் சின்னப் பாட்டியிடம் போய், அதை மீண்டும் பாடச் சொன்னேன். “அது அழும்பம் வாற பாட்டு, மக்களே. கேட்டா வருமா?” என்றார்.

இதைவிட நல்ல இசை இலக்கணம் எனக்குத் தெரியாது. தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளில் நகைக்கு அடுத்து அழுகையைத்தான் வைத்தார். நம் ஆண்டவரும் சிலுவையில் 22-ஆம் திருப்பாடலின் தொடக்கத்தைச் சொல்லிக் கதறினார். அழுவது அவமானமானால் திருப்பாடல்களில் பாதியை மூடிவைக்க வேண்டியதுதான்.

பெரியவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. புதுப் பாட்டு எல்லாமே உண்மைப் பாட்டு அல்ல. நான்கு வகை இசையைச் சேர்த்துவிட்டால் உணர்ச்சி வந்துவிடாது. படாத துயரைப் பட்டதாகப் பாடுவதும், பதினைந்து வயதில் அதைக் கேட்டு வாழ்வே முடிந்ததாக ஏங்குவதும் பொய்தான். தகாத சொற்களைத் துணிவு என்று எண்ணுவதும் தவறே.

எனவே பெற்றோரே, அருட்சகோதரியரே, இனி எங்களைத் திருத்தும்போது, “இது எந்த வகைப் பாட்டு?” என்று கேட்பதை விட்டு, “இது மெய்யா, பொய்யா?” என்று கேளுங்கள். தோழியரே, நாமும் இயர்போனைக் கழற்றிவிட்டு நம் வீட்டுப் பாட்டிமார் அருகில் சற்று அமர்வோம். அவர்களுக்குப் பாட்டு வரும் நேரத்தில் கையைப் பிடித்துத் தடுக்காதிருப்போம்.