செய்தித்தாள் விற்றவர் மகன்

நமது சங்கத்து உறுப்பினராகிய அம்மையார் ஒருவர் சென்ற திங்கள் நமக்கு ஒரு கடிதம் விடுத்திருந்தார். அவருடைய மூத்த மகன் அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஒரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்து படித்து வருகிறான். “சனிக்கிழமை வந்தால் என் மகன் தொலைபேசியை எடுப்பதே இல்லை. கேட்டால், கல்லூரிக்குப் பந்தாட்டம் என்கிறான். ஊரே திரண்டு அரங்கில் உட்கார்ந்திருக்கிறதாம். படிக்கப் போன இடத்தில் இது என்ன கூத்து? அதில் குவார்ட்டர்பேக் என்று ஒருவனைப் பற்றி ஓயாமல் பேசுகிறான். அவன் யார்? இந்தப் பகுதியில் எழுதுங்கள்” என்பது கடிதத்தின் சாரம்.

எழுதுவோம். ஆனால் ஆட்டத்தின் விதிகளை மட்டும் எழுதினால் அம்மையாருக்கும் சலிப்பு, நமக்கும் சலிப்பு. ஆகவே விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, அந்த ஆட்டம் ஆடிய ஒரு மனிதரின் கதையைச் சற்று விரிவாகச் சொல்லலாம் என்று கருதுகிறோம். பிழைப்புத் தேடி ஊர்விட்டு ஊர் வந்த குடும்பத்துப் பிள்ளை அவர் என்பதால் நம் வீடுகளில் அக்கதை எளிதில் விளங்கும்.

கால்பந்து என்று அமெரிக்கர் வழங்கும் ஆட்டத்தில் காலுக்கு அதிக வேலை இல்லை. இரு முனையும் கூர்ந்த பந்து. அதைக் கையில் ஏந்தி ஓடலாம், எறியலாம். 100 கஜ நீள மைதானம், பக்கத்துக்குப் பதினொருவர். பந்தை வைத்திருக்கும் கட்சி நான்கு முயற்சிகளுக்குள் பத்துக் கஜம் முன்னேற வேண்டும். முன்னேறாவிடில் பந்து எதிரிக்குப் போய்விடும். ஒவ்வொரு முயற்சியும் ஒருவர் கையிலிருந்தே தொடங்குகிறது. அவர்தாம் குவார்ட்டர்பேக். எதிர்க்கட்சியின் தடியர்கள் தம்மை வீழ்த்தப் பாய்ந்து வரும் மூன்று நான்கு விநாடிகளுக்குள், பந்தை யாரிடம் கொடுப்பது, யாரை நோக்கி எறிவது என்று அவர் முடிவு செய்தாக வேண்டும். வென்றால் புகழ் அவருக்கு. தோற்றால் வசையும் அவருக்கே. விதி இவ்வளவு போதும்.

இனி ஜிம் பிளங்கெட்டின் கதை.

அவருடைய தாயும் தந்தையும் நியூ மெக்சிகோ மாநிலத்தில், பார்வையற்றோர் பள்ளி ஒன்றில் ஒருவரையொருவர் அறிந்து மணம் புரிந்தவர்கள். மெக்சிகோ வழிவந்த குடும்பம். தந்தை வழியில் ஐரோப்பியக் கலப்பும் சிறிது உண்டு. தாய்க்கு இளமையிலேயே இரு கண்ணும் போயின. தந்தைக்குப் பார்வை சிறிது சிறிதாக மங்கிக்கொண்டே வந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அவர்கள் வேலை தேடிக் கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தனர். ரிச்மண்ட் கப்பல் கட்டும் துறையில் சில காலம் வேலை. பின்னர் சான் ஹொசே நகரில், குறைந்த வாடகைக்கு வீடு கிடைக்கும் பகுதியில், குடியமர்வு. தந்தை செய்தித்தாள் விற்கும் கடை வைத்தார். தம்மால் படிக்க இயலாத பத்திரிகைகளை ஊராருக்கு விற்று மூன்று பிள்ளைகளை வளர்த்தார் அவர். அரசாங்கத்தின் உதவிப் பணமும் அக்குடும்பத்துக்குத் தேவைப்பட்டது.

மூவரில் கடைசியாக 1947 டிசம்பர் 5ஆம் நாள் பிறந்தவர் ஜிம். சிறு வயதிலேயே பத்திரிகை போட்டார். பெட்ரோல் நிலையத்தில் துப்புரவு செய்தார். மளிகைக் கடையில் பை நிரப்பினார். பழத்தோட்டங்களில் கூலி வேலையும் செய்தார். விளையாட்டு என்பது வேலைகளுக்கு இடையே கிடைத்த நேரத்தில் நடந்தது. பதினான்கு வயதில் ஒரு போட்டியில் பந்தை 60 கஜத்துக்கு அப்பால் எறிந்து பரிசு பெற்றார் என்பர். ஜேம்ஸ் லிக் உயர்நிலைப் பள்ளியில் அவருடைய எறிதல் ஊரறிந்த செய்தியாயிற்று. 1966இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் உபகாரச் சம்பளம் கொடுத்துச் சேர்த்துக்கொண்டது. வீட்டிலிருந்து அரை மணி வண்டிப் பயணந்தான். ஆனால் வேறோர் உலகம். செல்வர் வீட்டுப் பிள்ளைகள் காரில் வந்திறங்கும் கல்விக்கூடம் அது.

சேர்ந்த காலத்திலேயே ஒரு சோதனை வந்தது. கழுத்தில் கட்டி தோன்றியது. புற்றுநோயாக இருக்குமோ என்ற அச்சம். அறுவைச் சிகிச்சையில் அது தீங்கற்ற கட்டி என்று தெரிந்தது. ஆயினும் உடல் தளர்ந்தது, ஆட்டமும் தளர்ந்தது. பயிற்சியாளர் ஜான் ரால்ஸ்டன் ஒரு யோசனை சொன்னார்: “நீ எறிவதை விட்டுவிடு, தடுப்பு வரிசையின் ஓரத்தில் நில். உன் உடற்கட்டு அதற்குப் பொருத்தம்.” பயிற்சியாளர் தீய எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் இத்தகைய யோசனை யாருக்கு எளிதாகச் சொல்லப்படுகிறது என்று நாம் சற்றே எண்ணிப் பார்த்ததுண்டு. முடிவெடுக்கும் இடத்தில் ஒருவனை நிறுத்துவதா, முரட்டு வேலையில் நிறுத்துவதா என்பது உடற்கட்டை மட்டும் பொறுத்ததாக எல்லாக் காலத்திலும் இருந்ததில்லை.

பிளங்கெட் இணங்கவில்லை. தாம் எறிபவராகவே இருக்க விரும்புவதாகச் சொல்லி, 1967 முழுவதும் ஆடாமல் ஒதுங்கியிருந்து பயின்றார். நாள்தோறும் நூற்றுக்கணக்கான முறை எறிந்து எறிந்து கையைத் திருத்தினார். 1968இல் தொடக்க ஆட்டம், அவருடைய சொந்த ஊர்க் கல்லூரியான சான் ஹொசே ஸ்டேட்டுக்கு எதிராக. பதின்மூன்று எறிதல்; பத்து கைசேர்ந்தன; 277 கஜம்; நான்கு டச்டவுன். அதன்பின் அவரைத் தடுப்பு வரிசைக்கு அனுப்புவது பற்றி யாரும் பேசவில்லை.

1969இல் தந்தை மாரடைப்பால் இறந்தார். அந்தக் குடும்பத்தின் நிலையை வாசகர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். கண்ணற்ற தாய், சம்பாதித்தவர் போய்விட்டார், கல்லூரியில் படிக்கும் ஒரே மகன். அந்நாளில் கல்லூரி ஆட்டக்காரருக்கு உபகாரச் சம்பளம் தவிர ஒரு காசும் கொடுக்கலாகாது என்பது விதி. அவர் பெயரைக் காட்டி அரங்கு நிரம்பலாம், தொலைக்காட்சியும் பல்கலைக்கழகமும் பொருள் ஈட்டலாம். ஆடுபவர் மட்டும் ஈட்டலாகாது. தங்கள் பெயரையும் உருவையும் கொண்டு மாணவர்கள் பொருள் பெறலாம் என்ற நிலை 2021இல்தான் வந்தது.

ஓராண்டு ஒதுங்கியிருந்ததால், 1970ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே தொழில்முறைக் கட்சிகள் பிளங்கெட்டைத் தேர்ந்துகொள்ள விதி இடம் தந்தது. கையெழுத்திட்டிருந்தால் தாயின் கையில் பெரும்பணம் கொடுத்திருக்கலாம். அவரோ இன்னும் ஓராண்டு கல்லூரியில் இருப்பது என்று தீர்மானித்தார். தம் தோழர்களையும் பயிற்சியாளர்களையும் நடுவில் விட்டுச் செல்ல மனமில்லை என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம்தான் நம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. மெக்சிகோ வழிவந்த ஏழைச் சிறுவர்களுக்குப் பள்ளியை விட்டுவிடாதீர்கள் என்று அவர் அறிவுரை கூறி வந்தார். தாமே படிப்பை நடுவில் விட்டுப் பணத்தின் பின் போனால் அச்சிறுவர்களை எந்த முகத்தோடு பார்ப்பது என்று கருதினார்.

இம்முடிவு சரிதானா? நம் அலுவலகத்தில் இதைப் பற்றி வாதம் நடந்தது. “பிறர் பிள்ளைகளுக்கு எடுத்துக்காட்டாக இருக்க, பெற்ற தாயைக் காக்க வைப்பதா?” என்று நம் நண்பர் ஒருவர் சினந்தார். அவர் சொல்வதில் நியாயம் இல்லாமலில்லை. ஓர் எலும்பு முறிந்திருந்தால் அந்த ஓராண்டில் அனைத்தும் போயிருக்கும். முறியவில்லை என்பதனாலேயே முடிவு சரியாகிவிடாது. எனினும் நாம் பிளங்கெட்டின் பக்கமே நிற்கிறோம். ஒன்றைப் பிறருக்குச் சொல்லிவிட்டபின் தமக்கு மட்டும் விலக்கு வைத்துக்கொள்வது சிலருக்கு இயலாது. அந்தத் தாய்க்கும் மகனின் இயல்பு தெரியாமலா இருந்திருக்கும்?

அவ்வாண்டு நடந்தவை அமெரிக்க விளையாட்டு நூல்களில் இடம்பெற்றுவிட்டன. முந்திய ஆண்டு கடைசி விநாடியில் தங்களை வீழ்த்திய தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தை 1970இல் ஸ்டான்ஃபோர்டு வென்றது. சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கு 1935 முதல் வழங்கப்பட்டு வரும் ஹைஸ்மன் பரிசு பிளங்கெட்டுக்குக் கிடைத்தது. அதற்குப் போட்டியிட்டவருள் ஒருவர் நாட்டர் டேம் பல்கலைக்கழகத்து ஜோ தைஸ்மன். அவர் குடும்பத்தார் தங்கள் பெயரை ‘தீஸ்மன்’ என்றுதான் சொல்லி வந்தனராம். ஹைஸ்மனோடு எதுகை அமையட்டும் என்று கல்லூரியின் விளம்பர அலுவலர் ‘தைஸ்மன்’ ஆக்கினார். எதுகை அமைந்தது, பரிசு அமையவில்லை.

1971 ஜனவரி 1ஆம் நாள் பாசடீனா நகரின் ரோஸ் பௌல் அரங்கில் ஸ்டான்ஃபோர்டு ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தைச் சந்தித்தது. கூடியிருந்தோர் ஒரு லட்சத்துக்கு மேல். ஒஹையோ அவ்வாண்டில் ஒரு தோல்வியும் காணாத கட்சி. ஸ்டான்ஃபோர்டோ கடைசி இரண்டு ஆட்டங்களிலும் தோற்றுவிட்டு வந்திருந்தது. நான்காம் பகுதியில் ஒஹையோ 17–13 என முன்னணியில் இருந்தது. ஸ்டான்ஃபோர்டின் எல்லைக்கு இருபது கஜ அளவில் ஒஹையோவின் கடைசி முயற்சியைத் தடுப்பு வரிசை முறித்துப்போட்டது. பந்து பிளங்கெட்டின் கைக்கு வந்தது. கடக்க வேண்டியது 80 கஜம். அடிமேல் அடிவைத்து அவர் கட்சியை நகர்த்தினார். ஒரு கட்டத்தில் எதிரிகள் துரத்த ஓரத்துக்கு ஓடிக்கொண்டே வீசிய நெடும்பந்தைப் பாப் மூர் என்பவர் இரு காவலர் நடுவே எம்பிப் பிடித்து எல்லைக்கோட்டின் வாயிலில் விழுந்தார். அடுத்துக் கோடு கடந்தது. பின்னும் ஒரு டச்டவுன். 27–17. அந்நாளின் சிறந்த ஆட்டக்காரர் பிளங்கெட்டே. தாய் மகனின் ஆட்டத்தைக் கண்ணால் கண்டதில்லை. பிறர் சொல்லக் கேட்டதோடு சரி.

அதன்பின் தொழில்முறை வாழ்க்கை. 1971இல் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் கட்சி நாட்டிலேயே முதலாவதாக அவரைத் தேர்ந்தெடுத்தது. கடைநிலையில் உள்ள கட்சிக்கே முதல் தேர்வு என்பது அங்குள்ள ஏற்பாடு. ஆகவே முதல்வராகத் தேர்வு பெறுபவர் பலவீனமான கட்சியில்தான் போய் விழுவார். முதலாண்டு சிறப்பாகவே சென்றது. மறு ஆண்டு அக்கட்சி 3 ஆட்டம் வென்று 11 தோற்றது. காக்க ஆளின்றித் தோளிலும் முழங்காலிலும் அடிமேல் அடி பட்டார். 1976இல் சான் பிரான்சிஸ்கோ கட்சிக்கு மாறினார். சொந்த ஊருக்கு அருகே வந்தும் பயனில்லை. 1978இல் அக்கட்சி அவரை விலக்கிவிட்டது. முப்பது வயதில் கதை முடிந்தது என்றே பலரும் நினைத்தனர். ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அவரை எடுத்து ஓரத்தில் உட்கார வைத்தது. இரண்டு ஆண்டுகள் ஏறக்குறைய சும்மாவே இருந்தார். ஆடாமல் உட்கார்ந்திருப்பவர் நாள்தோறும் பயிற்சிக்கு எழுந்து போவது எவ்வளவு கடினம் என்பதை, உத்தியோக உயர்வுக்குக் காத்திருந்த நம் வாசகர் சிலர் அறிவர்.

1980 அக்டோபரில் முதன்மை ஆட்டக்காரரின் கால் முறிந்தது. பிளங்கெட் களம் இறங்கினார். அன்று அவர் எறிந்த பந்துகளில் ஐந்து எதிரிகளின் கையிலேயே போய் விழுந்தன, ஆட்டம் தோல்வி. இந்தச் செய்தியை அவரைப் புகழ்பவர் பலர் விட்டுவிடுவர், நாம் விடவில்லை. அப்போது அக்கட்சியின் கணக்கு 2 வெற்றி, 3 தோல்வி. எஞ்சிய 11 ஆட்டங்களில் 9ஐ வென்றார்கள். 1981 ஜனவரி 25ஆம் நாள் நியூ ஆர்லியன்ஸில் நடந்த சூப்பர் பௌல் இறுதிப் போட்டியில் ஃபிலடெல்ஃபியாவை 27–10 என வென்றபோது, மூன்று டச்டவுன் எறிந்து சிறந்த ஆட்டக்காரர் பட்டம் பெற்றவர் முப்பத்து மூன்று வயது பிளங்கெட். 1984 ஜனவரியில் வாஷிங்டனை 38–9 என வென்று இரண்டாம் முறையும் அதே கோப்பையைப் பெற்றுத் தந்தார். களத்தில் அவர் கடைசியாக ஆடியது 1986இல்.

கல்லூரி ஆட்டக்காரர்களுக்கான புகழ் மண்டபத்தில் 1990இல் அவருக்கு இடம் அளித்தனர். தொழில்முறைப் புகழ் மண்டபம் 2025 வரையில் அவருக்குக் கதவு திறக்கவில்லை. இரு கோப்பைகளை வென்றவரை வெளியே நிறுத்துவது முறையா என்று அந்நாட்டில் ஆண்டுதோறும் வழக்காடுகிறார்கள். இடையிலே வீணாய்ப் போன ஆண்டுகளின் கணக்கு அவருக்கு எதிராக நிற்கிறது. தோள்களிலும் முழங்கால்களிலும் அவர் செய்துகொண்ட அறுவைச் சிகிச்சைகள் பல. முதுமையில் உடல் வலியோடுதான் ஒவ்வொரு நாளும் எழுவதாக அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். மகனை இந்த ஆட்டத்தில் சேர்க்கலாமா என்று எவரேனும் எண்ணினால், கோப்பைகளோடு இதனையும் கணக்கில் வைக்க வேண்டும்.

அம்மையாருக்கு இறுதியாக ஒரு யோசனை. மேற்குக் கரையில் சனிக்கிழமை பிற்பகல் ஆட்டம் நடக்கும்போது நமக்கு ஞாயிறு விடியற்காலை. அப்போது மகனை அழைக்க வேண்டாம். ஞாயிறு முற்பகல், அடுப்பு வேலை முடிந்தபின் அழையுங்கள். எடுத்தவுடன் சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன், உங்கள் குவார்ட்டர்பேக் நேற்று எப்படி எறிந்தான் என்று கேட்டுப் பாருங்கள். என்ன விடை வந்தது என்று நமக்கும் ஒரு வரி எழுதுங்கள்.